ஃபிட்டா, அன்ஃபிட்டா?

அடுப்பில் சின்னப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள், லியோனார்ட் கழுவிப் போட்ட வெள்ளிக் குழாய் டக் டக்கென்று ஆடியது. அடைக்கலமேரி அதை இடுக்கியால் எடுத்து, சுத்தமான துணியில் வைத்து ஆறவிட்டு, கணவரிடம் நீட்டினாள்.

லியோனார்ட் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தபடி, கழுத்தின் அடியில் இருந்த துளைக்குள் குழாயைத் தாமே பொருத்திக்கொண்டார். நாடாவை முடிச்சுப் போட்டார். நனைத்துப் பிழிந்த மல் துணியை அதன்மேல் தொங்கவிட்டார். பிறகு, பெட்டியின் அடியிலிருந்து எடுத்துத் தேய்த்து வைத்திருந்த காக்கிச் சட்டையை மாட்டினார். கழுத்துப் பொத்தானை மட்டும் போடவில்லை.

போன வருஷம் ஈஸ்டருக்கு மறுவாரம் பெரியாஸ்பத்திரியில் அவருடைய குரல்வளையை எடுத்தார்கள். புற்று போயிற்று. அதோடு குரலும் போயிற்று. மூச்சு இப்போது மூக்கு வழியாக அல்ல, கழுத்து வழியாக. மூச்சு மூக்கைத் தொடாததால் வஞ்சிரக் குழம்பு கொதித்தாலும் வாசனை தெரியாது. டீயை ஊதிக் குடிக்க முடியாது. அடைக்கலமேரிதான் ஆற்றிக் கொடுக்க வேண்டும்.

கப்பல் தளத்தில் நின்று, கிரேன் ஓட்டுபவருக்குக் கையசைத்து, டன் கணக்கில் சரக்கை ஏற்றி இறக்கிய சிக்னல்காரர் அவர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். கடைசிப் பதினாலு மாதம் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் கழிந்தது.

இன்றைக்கு 1974 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணிக்குத் துறைமுக மருத்துவக் குழு முன்னால் அவர் ஆஜராக வேண்டும். வேலைக்குத் தகுதியா, தகுதியில்லையா என்று அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். வீட்டு மனிதர் ஒருவரும் கூட வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது.

"போய்த்தான் ஆவணுமா? வூட்ல இருந்தா இன்னா கொறஞ்சுபோச்சு?" என்றாள் அடைக்கலமேரி.

லியோனார்ட் சிலேட்டை எடுத்து எழுதினார்: 'நாற்காலிக்கு முதுகு வலிக்குது.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

பூசை முடிந்து அவள் அண்ணன் ஜேக்கப் வீட்டுக்கு வந்திருந்தான். துறைமுக ஆபீசில் பியூன். சட்டதிட்டம் எல்லாம் விரல் நுனியில்.

"மேரி, ரூலு கிளியரா கீது. அன்ஃபிட்டுன்னு எழுதிட்டா, வூட்ல ஒருத்தனுக்கு வேல. உம் மவன் யேசுதாசு ஐ.டி.ஐ. முடிச்சிட்டு ரெண்டு வருசமா தெருவ அளந்துகினு கீறான். டாக்டருங்க உன்னத்தான் கேப்பாங்க. 'முடியல சார், மூச்சு வாங்குது'ன்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்."

அப்போது லியோனார்ட் இரண்டு முழம் தள்ளி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேச்சு போனவருக்குக் காதும் போய்விட்டதென்று ஜேக்கப்புக்கு ஒரு நினைப்பு. ஜேக்கப்புக்கு மட்டுமா? தெருவில் பாதிப் பேர் அவரிடம் கத்தித்தான் பேசினார்கள்.

அடைக்கலமேரி அன்று தலையை ஆட்டிவிட்டாள். மகனுக்காக ஆட்டினாள். அவரைப் பத்திரமாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஆசையும் அதில் கலந்திருந்தது.

யேசுதாஸ் தலைவாரிக்கொண்டு வந்தான். இருபத்து மூன்று வயது. சாயங்காலம் நாலு மணிக்குத் திருவொற்றியூரில் மளிகைக்கடை தேவப்பிரியத்துக்கு அவன் ஒரு பதில் சொல்ல வேண்டும். அவர் மகள் எல்சியை அவனுக்குத் தருவதாக இருந்தால், பையன் கையில் நிரந்தர வேலை இருக்க வேண்டும். 'செவ்வாக்கெழம தெரிஞ்சிரும்' என்று அவன் சொல்லி வைத்திருந்தான்.

"நைனா, ரெடியா?" என்று கேட்டான். அப்பாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

சௌக்கத் அலி. மண்ணடியில் அத்தர் கடை வைத்திருப்பவர். அவர் கழுத்திலும் ஒரு துணி தொங்கியது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் இதே ஆபரேஷன். வியாழக்கிழமைதோறும் பெரியாஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, புதிதாகக் குரல் போனவர்களுக்குக் காற்றை விழுங்கிப் பேசக் கற்றுக்கொடுக்கிறார். டாக்டர்தான் அவரை அப்படி உட்கார வைத்தது. சம்பளம் ஒரு டீ.

"ரெ…டி…யா… தோஸ்து?" ஏப்பத்தில் புரட்டி எடுத்த மாதிரி வந்தது குரல். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

லியோனார்ட் வாயைத் திறந்தார். காற்றை விழுங்கினார். ஒரு 'க்' மட்டும் வந்தது.

"அவ…சரப்…படாதே. ப…யந்தா… தொண்டை… பூட்டிக்கும். பாட்டு… கட்டு… தட்டு… சொல்லு."

"பா…ட்டு," என்றார் லியோனார்ட். "க…ட்டு."

மூன்று மாதப் பயிற்சி. வீட்டில் அடைக்கலமேரி மட்டும் இருக்கும்போது இருபது முப்பது வார்த்தை வரும். அன்னியர் ஒருத்தர் வந்து நின்றால் ஒன்றும் வராது.

"இத்தன பேரு முன்னாடி வருமா பாய்?" என்று கேட்டாள் அவள்.

சௌக்கத் அலி சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "ஏழு… வருசமா… வா…சனை தெரியாம… அத்…தர் விக்கி…றேன். இதா… பெரிசு?" நண்பரின் தோளைத் தட்டிவிட்டு, கடை திறக்கச் சைக்கிளைத் திருப்பினார்.

*

மருத்துவக் குழு கூடும் அறை மாடியில். கீழே படிக்கட்டருகே ஜேக்கப் காத்திருந்தான். மருமகன் யேசுதாஸின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனான்.

"நைனா இன்னா எழுதிக் காட்டினாலும் நீ அத்த எட்த்துகினு நிக்காத. உங்கம்மா பேசிக்குவா. நீ வாயத் தொறக்காத."

"நைனாவுக்கு ஆச கீதே மாமா."

"ஆச எல்லாருக்கும்தான் கீது. எனுக்கு மட்டும் அவுரு மேல பாசம் இல்லியா? அந்தத் தூசியில போயி நின்னாருன்னா மறுபடி படுத்துக்குவாரு. அப்போ யாருக்கும் வேல இல்ல. யோசன பண்ணு."

ஜேக்கப் பொய் சொல்லவில்லை. அதுதான் யேசுதாசுக்குச் சங்கடமாக இருந்தது.

லியோனார்ட் இருபத்திரண்டு படிகளையும் நிற்காமல் ஏறினார். மேலே போய்த்தான் மூச்சை நிதானப்படுத்திக்கொண்டார்.

அறையில் இரண்டு பேர். தலைமை டாக்டர் தேவகிருபை, ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் கப்பல் சரக்குப் பிரிவு அதிகாரி ஆறுமுகநயினார், கையில் லியோனார்டின் கோப்பு.

"வாங்க! உக்காருங்க!" என்று ஆறுமுகநயினார் கூரை அதிரக் கத்தினார்.

"சார், அவருக்குக் காது நல்லா கேக்கும்," என்றார் டாக்டர் அமைதியாக.

அவர் எழுந்து வந்து லியோனார்டின் கழுத்தைப் பரிசோதித்தார். துளையைப் பார்த்தார். குழாயைக் கழற்றிப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்றார். இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போனார். இடது தாடைக்குக் கீழே விரல் ஒரு நொடி நின்றது. மறுபடி அதே இடத்துக்குப் போய் நின்றது. பிறகு நாற்காலிக்குத் திரும்பினார்.

அடைக்கலமேரி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலைக்கு வர்ற எண்ணம் உண்டா?" என்று கேட்டார் ஆறுமுகநயினார், இந்தத் தடவை மெதுவாக.

லியோனார்ட் நிமிர்ந்தார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தார். வாய் திறந்தது. காற்று உள்ளே போகவில்லை. இன்னொரு தடவை முயன்றார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. உதடு மட்டும் அசைந்தது.



ஆறுமுகநயினார் கோப்பைப் புரட்டினார். டாக்டர் அடைக்கலமேரியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. வீட்ல எப்படி இருக்கார்? மூச்சு வாங்குதா?"

ஞாயிற்றுக்கிழமை தலையாட்டிய பதில் அவள் நாக்கில் தயாராக இருந்தது. 'முடியல டாக்டரம்மா.' அவ்வளவுதான். மகனுக்கு வேலை வரும். கல்யாணம் வரும். இவர் வீட்டில் இருப்பார், அவள் கண் முன்னாலேயே.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் இன்னும் காற்றை விழுங்க முயன்றுகொண்டிருந்தார். கைகள் முழங்கால்மேல் இறுகியிருந்தன. இந்த மனிதரை 'முடியாது' என்று எழுதி வாங்கிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார வைத்தால், அப்புறம் அவர் இந்தப் பயிற்சி செய்வாரா? குழாயைக்கூடத் தாமே மாட்டிக்கொள்வாரா?

"மூச்சு வாங்கல டாக்டரம்மா," என்றாள். "இப்போகூட மாடிப்படி நிக்காமத்தான் ஏறினாரு. மொத ஆறு மாசம் குழாய நான் கழுவினேன். அப்பறம் அவுரே கழுவிக்கிறாரு. தெனம் ரெண்டு தபா. காலைல ஆவி புடிக்கிறாரு. பெரியாஸ்பத்திரிக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தபா, ஒரு தேதி வுட்டதில்ல. பீடியத் தொட்டதில்ல. பேச்சு வரும். இங்க எல்லாரும் கீறீங்கல்ல, அதனாலதான் பூட்டிகிச்சு. வேலைக்கு வருவாரு. அவரால முடியும்."

கதவருகே நின்ற யேசுதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். வாசலுக்கு வெளியே ஜேக்கப் செருமும் சத்தம் கேட்டது.

டாக்டர் தேவகிருபை பேனாவை மூடினார்.

"சரி. நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படக் கூடாது லியோனார்ட். கப்பல் மேல உங்கள நிக்க விடமாட்டேன். உங்க மூச்சு கழுத்துல இருக்கு. ஓரத்துல கால் தவறி விழுந்தா தண்ணி நேரே நுரையீரலுக்குப் போயிடும். நீச்சல் தெரிஞ்சும் பிரயோஜனமில்ல."

லியோனார்ட் காசிமேட்டுக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனிதர். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கிருந்து ஒரு கப்பலின் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, மெல்லத் தலையசைத்தார்.

பிறகு சிலேட்டில் எழுதினார்: 'தரையில் நிற்கிறேன்.'

"தரையில கயிறு, சங்கிலி சோதிக்கிற ஷெட் இருக்கு," என்றார் ஆறுமுகநயினார். "புதுசா வர்ற ஆளுங்களுக்குச் சிக்னல் பழக்குற வேலையும் அங்கதான். ஆள் தேவைதான். ஆனா டாக்டர், சொல்லிக் கொடுக்க வாய் வேணுமே? சும்மா கைய ஆட்டினா போதுமா? இதுல என்ன பெரிய வித்தை? தூக்குன்னா இப்படி. மெதுவா இறக்குன்னா இப்படி…"

எழுந்து நின்று இரண்டு கைகளையும் கீழ்நோக்கி ஒன்றாகச் சுற்றிக் காட்டினார்.

"தப்பு!"

அறையில் எல்லோரும் திடுக்கிட்டார்கள். அடித்தொண்டையிலிருந்து, முரட்டுத்தனமாக, மேஜையில் யாரோ கட்டையால் தட்டிய மாதிரி வந்தது அந்த வார்த்தை. சொன்னவரே திகைத்துப்போனார்.

ஆறுமுகநயினாரின் கைகள் அந்தரத்தில் நின்றன. "என்ன?"

லியோனார்ட் எழுந்துவிட்டார். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஒரு… கை… ஆடக்… கூடாது." வலது கை விரலைக் கீழே நீட்டிச் சுற்றினார். இடது உள்ளங்கையை அதற்கு மேலே ஆடாமல் பிடித்தார். "இது… மெதுவா. நீங்க… காட்டினதுல… கட்…டடமே… இடியும்."

டாக்டர் தேவகிருபை முதலில் சிரித்தார். ஆறுமுகநயினார் தம் கைகளைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். "இருபது வருஷமா தப்பாத்தான் காட்டிட்டிருக்கேன் போல," என்று சொல்லி உட்கார்ந்தார். "பழக்குற வேலைக்கு எனக்கு ஆட்சேபம் இல்ல."

அடைக்கலமேரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் காகிதத்தை இழுத்து எழுதினார். பாதியில் நிறுத்தி, "அம்மா, நீங்க ஒரு நிமிஷம் வெளியே வாங்க" என்றார்.

லியோனார்ட் மேஜைமேல் கையை வைத்தார். "இங்…க. என்… கிட்ட."

டாக்டர் அவரை நேராகப் பார்த்தார். "சரி. உங்க உடம்பு, உங்ககிட்டதான் சொல்லணும். இடது தாடைக்குக் கீழ பட்டாணி அளவு ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது. பல்லு கெட்டுப்போனாலும் அப்படி வரும். சளி பிடிச்சாலும் வரும். வேற எதுவாவும் இருக்கலாம். எனக்கு இப்போ தெரியாது. நாளான்னிக்கு வியாழக்கிழமை, பெரியாஸ்பத்திரியில காட்டுங்க. அவங்க நல்லபடியா எழுதிக் கொடுத்தா திங்கட்கிழமை ஷெட்டுக்கு வந்துடலாம். வேற மாதிரி இருந்தா, ஆரம்பத்துலயே பார்த்ததா இருக்கும். அதுக்குத்தான் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரச் சொல்றது."

டாக்டர் எழுதி முடித்தார். லியோனார்டின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அவர் காகிதத்தை வாங்கினார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"வியா…ழன்… போறோம்," என்றார் மனைவியிடம். "திங்…கள்… வேல."

*

படிக்கட்டில் ஜேக்கப் வெடித்தான்.

"இன்னா காரியம் பண்ணிட்ட மேரி? ரெண்டும் கெட்டான் ஆக்கிட்டியே! பையனுக்கும் இல்ல, இவுருக்கும் கட்டி கீதுன்றாங்க. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா பாத்துக்கறேண்ணா. போன தபா பாத்துக்கல? நான் பொய் சொல்லியிருந்தா மட்டும் கட்டி ஓடிப்போயிருக்குமா? நீ என் நல்லதுக்குத்தான் சொன்ன. தெரியுது. ஆனா இனிமே எது பேசறதுன்னாலும் அவராண்ட பேசு. அவுருக்குக் காது கேக்குது."

ஜேக்கப் லியோனார்டைப் பார்த்தான். அவர் அமைதியாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முகம் கறுத்தது. "மச்சான்… ஞாயித்துக்கெழம…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் படியிறங்கிப் போனான்.

யேசுதாஸ் சுவரோரம் நின்றான். "நைனா, அன்னிக்கே கேட்டுகினியா?"

"கேட்…டேன்."

"பின்ன ஏன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல?"

நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தது. லியோனார்ட் சிலேட்டை எடுத்தார். பலப்பம் கிறீச்சிட்டது. எழுதி மகனிடம் நீட்டினார்.

'உனக்காக முடியாதுன்னு சொல்லிடலாம்னு ரெண்டு நாள் நினைச்சேன். ரெண்டு நாள்தான். அதுக்குமேல முடியல. எனக்கும் நாப்பத்தொம்பது வயசுதான் ஆவுது.'

யேசுதாஸ் அதை இரண்டு தடவை படித்தான். அவனுக்குக் கோபம் இருந்தது. வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து போயிருந்தது. எல்சியின் முகம் கண்ணுக்குள் நின்றது. ஆனால் அந்த அறையில் எழுந்து நின்று அதிகாரியின் கையைத் திருத்திய மனிதரும் கண்ணுக்குள் நின்றார். அவரைப் பார்த்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

"எனுக்கு இன்னா சொல்றதுன்னே தெர்ல நைனா," என்றான் கடைசியில். "நாலு மணிக்கு அங்க போயி நிக்கணும். இன்னான்னு சொல்லுவேன்?"

"நா…னும் வ…ரேன்," என்றார் லியோனார்ட்.

"வெயில்ல வாணாங்க," என்று அடைக்கலமேரி பதறினாள். அடுத்த நிமிஷம் அவளே மல் துணியை வாங்கித் தண்ணீர்க் குழாயடியில் நனைத்துப் பிழிந்து கொடுத்தாள். "தூசி ஏறும். தேரடி கிட்ட இன்னொரு தபா நனைச்சுக்குங்க. நான் வூட்டுக்குப் போறேன்."

பஸ்ஸில் கண்டக்டர் வந்தபோது யேசுதாஸ் வாயைத் திறந்தான். லியோனார்ட் அவன் கையை அழுத்தினார். "ரெண்…டு. திருவொத்…தியூர்." பின் இருக்கையில் ஒரு பெண் குழந்தை பயந்து அம்மாவின் மடியில் முகம் புதைத்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஏறினவங்க சீட்டு வாங்கு!" என்று அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

*

தேவப்பிரியம் தராசில் உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் கடை போட்டு இருபது வருஷம். பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சு.

"வாங்க தம்பி. சரியா நாலு மணிக்கு வந்துட்டீயளே," என்றவர் பின்னால் நின்றவரைப் பார்த்தார். கண் நேராகக் கழுத்துத் துணிக்குப் போயிற்று. "இவுக…?"

"எங்க நைனா."

தேவப்பிரியம் ஒரு அடி பின்னால் நகர்ந்ததை யேசுதாஸ் கவனித்தான். உள் கதவின் இடுக்கில் எல்சியின் நீலத் தாவணி தெரிந்தது.

"வேலை கெடச்சிட்டா?"

வழி நெடுக யேசுதாஸ் பல பதில்களை யோசித்து வைத்திருந்தான். இன்னும் ஒரு மாதம் அவகாசம் கேட்கலாம். மணலி ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லலாம். அதெல்லாம் இப்போது வாயில் வரவில்லை.

"எனுக்குக் கெடைக்கலீங்க," என்றான். "எங்க நைனாவுக்குக் கெடச்சிது."

சொல்லும்போதே அவன் முதுகு நிமிர்ந்தது. லியோனார்ட் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

தேவப்பிரியம் தராசைக் கீழே வைத்தார். வேட்டி முனையில் கையைத் துடைத்தார். உள்ளே தாவணி அசையாமல் நின்றது.

"அந்தச் சீக்கு…" என்று இழுத்தார். "நான் வெளிப்படையா கேக்கேன், தப்பா நெனைக்கப்பிடாது. எனக்கு ஒரே பொண்ணு. அது ஒட்டுமா, பிள்ளைகளுக்கு வருமா, மறுபடி திரும்புமான்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது. யார்ட்ட கேக்கன்னும் தெரியல."

யேசுதாஸ் முன்னால் ஒரு அடி வைத்தான். லியோனார்ட் அவனைக் கையால் தடுத்தார். சட்டைப் பையில் மடித்த காகிதம் இருந்தது. அதில் வியாழக்கிழமைச் சோதனை எழுதியிருந்தது. மறைக்கவும் செய்யலாம், சொல்லவும் செய்யலாம்.

அவர் கடை ஓரத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, தேவப்பிரியத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அவசரப்படாமல் காற்றை விழுங்கினார்.

"என்…னையே… கே…ளுங்க."